பின்னிருக்கையும் சாய்வணையும்: ஒரு சிறு வரலாறு

இரு சக்கர வாகனத்தின் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் எஞ்சினின் வரலாற்றையே எழுதியிருக்கின்றனர். எத்தனை குதிரைத்திறன், எத்தனை கியர், மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்பனவே அங்குப் பேசப்படும். ஓட்டுபவரைப் பற்றியும் ஓரளவு பேசப்படும். அவருக்குப் பின்னால் அமர்ந்து சென்றவரைப் பற்றி ஒரு பத்தியேனும் காண்பது அரிது. நம் ஊர்களில் அவ்வாறு அமர்ந்து சென்றவர் மனைவியாகவோ, தாயாகவோ, பள்ளிப் பிள்ளையாகவோ, மருத்துவரிடம் அழைத்துச் செல்லப்படும் முதியவராகவோ இருந்தார். அவருடைய முதுகுக்குப் பின்னால் என்ன இருந்தது, என்ன இல்லாதிருந்தது, அதைச் சற்றேனும் இதமாக்க மனிதர் செய்த முயற்சிகள் யாவை என்பனவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

நம் கண்முன் இருக்கும் சாலை தென்காசியிலிருந்து குற்றாலம் செல்வது. தொலைவு ஏறத்தாழ 5 கிலோமீட்டர். ஜூன் மாதத்தில் தென்மேற்குப் பருவக்காற்று ஆரியங்காவுக் கணவாய் வழியே புகுந்து சாரலைக் கொணரும்போது இச்சாலையில் இரு சக்கர வாகனங்கள் பெருகும். காசி விசுவநாதர் கோயிலின் கோபுர வாயிலில் நின்றவர்கள் அக்காற்றின் வலிமையை அறிவர். அதே காற்றில், நனைந்த சாலையில், ஈரத்துணிப் பையை மடியில் வைத்துக்கொண்டு ஒருபக்கமாக அமர்ந்து வரும் பெண்களைப் பருவகாலம் முழுவதும் காணலாம். வலக்கை ஓட்டுபவரின் தோளில் இருக்கும். இடக்கை இருக்கையின் பின்கம்பியைப் பற்றியிருக்கும். முதுகுக்குப் பின்னால் வெறும் காற்றுதான். அருவிக்குப் போகும் பயணம் இன்பப் பயணமே ஆயினும், அவர்தம் கைகள் இரண்டும் வழி முழுவதும் வேலை செய்துகொண்டேயிருக்கின்றன.

இந்நிலை எப்போதும் இப்படி இருந்ததன்று. கம்பெனி ஆட்சிக் காலத்தில் ஆங்கிலேய அதிகாரிகள் குற்றாலத்தின் குளிர்ச்சியை நாடி வந்தபோது பல்லக்கிலும் டோலியிலும் வந்தனர். வசதியுள்ள உள்ளூர்க் குடும்பங்கள் வில்வண்டியில் வந்தன. ஏனையோர் கூண்டு வண்டியில் வந்தனர். வண்டியில் வைக்கோலைப் பரப்பி, மேலே ஜமுக்காளத்தை விரித்து, கூண்டின் பக்கத்தில் முதுகைச் சாய்த்துக்கொள்வது வழக்கம். கொல்லத்திலிருந்து மலையைக் குடைந்து செங்கோட்டை வழியாக வந்த இரயில் பாதை 1904இல் திறக்கப்பட்டது. அதன்பின் மரப்பலகை இருக்கையாயினும் சாய்ந்துகொள்ள ஒரு பலகை கிடைத்தது. இவை எல்லாவற்றிலும் ஒரு பொதுமை உண்டு. பல்லக்கைச் சுமந்தவரோ, வண்டியை ஓட்டியவரோ, இரயிலை இயக்கியவரோ பயணிக்கு ஊழியம் செய்பவராக இருந்தார். ஊர்தி என்பது பயணிக்காகவே இருந்தது. ஆகவே மெத்தையும் பயணிக்கே போடப்பட்டது.

மோட்டார் சைக்கிள் இவ்வொழுங்கைத் தலைகீழாக மாற்றியது. அங்கே ஊர்திக்கு உரியவரே ஓட்டுபவர். நல்ல இருக்கை அவருக்கு. பயணி என்பவர் பின்னர்ச் சேர்க்கப்பட்டவர். இதை மனத்தில் கொண்டால் பின்னிருக்கையின் வரலாறு எளிதில் விளங்கும்.

அணை பற்றிய அறிவு தமிழர்க்குப் புதிதன்று. பாண்டியன் நெடுஞ்செழியனைப் பாடியதாகக் கொள்ளப்படும் நெடுநல்வாடை, அரசியின் கட்டிலை யானைத் தந்தத்தின் வேலைப்பாட்டிலிருந்து அன்னத்தின் தூவி பெய்த மெல்லணை வரையில் விரிவாக வருணிக்கிறது. அணையில் அடைக்கும் பொருள்களை ஐந்தாக வகைப்படுத்துவது பழைய மரபு. இலவம்பஞ்சு, செம்பஞ்சு, வெண்பஞ்சு, மயிர், அன்னத்தூவி என அவற்றைக் கூறுவர். ஆண்டாள் திருப்பாவையில் நப்பின்னையின் பஞ்ச சயனத்தைக் குறிப்பிடுமிடத்தில், ஐந்து என்பது பொருள்களை மட்டுமன்றிப் படுக்கையின் இயல்புகளையும் குறிக்கும் என உரையாசிரியர்கள் விளக்கினர். அழகு, குளிர்ச்சி, மென்மை, நறுமணம், வெண்மை என்பன அவ்வியல்புகள். மென்மை இவ்வைந்தில் ஒன்றே என்பதையும், குளிர்ச்சி தனியே எண்ணப்பட்டிருப்பதையும் நாம் கருத வேண்டும். உச்சி வெயிலில் நிறுத்தி வைத்த வண்டியின் கறுப்பு ரெக்சினில் அமர்ந்தவர்க்கு இவ்வகைப்பாட்டின் நுட்பம் உடனே புலப்படும்.

இனி மேற்கே செல்வோம். பின்னிருக்கையைக் குறிக்க ஆங்கிலத்தில் வழங்கும் ‘பில்லியன்’ என்னும் சொல் எஞ்சினுக்கு நெடுங்காலம் முற்பட்டது. ஸ்காட்லாந்தின் கேலிக் மொழி வழியே வந்த அச்சொல்லின் வேர் தோலைக் குறிக்கும் இலத்தீன் சொல்லாகும். குதிரையேறும் ஆடவனின் சேணத்திற்குப் பின்னால் பெண்ணொருத்தி அமர்வதற்காகக் கட்டப்பட்ட தோல் மெத்தையே பில்லியன். ஐரோப்பாவின் இடைக்காலத்தில் உயர்குடிப் பெண்கள் ஒருபக்கமாக அமர்ந்து செல்வதற்கு நாற்காலி போன்ற சேணங்களும் இருந்தன. அவற்றில் பாதத்தை ஊன்ற ஒரு பலகையும் சாய்ந்துகொள்ள ஒரு பின்தாங்கியும் இருந்தன. ஆனால் அதில் அமர்ந்தவள் தானே குதிரையைச் செலுத்த இயலாது. வேறொருவர் கடிவாளத்தைப் பிடித்து நடத்திச் செல்ல வேண்டும். 16ஆம் நூற்றாண்டளவில் காலை மடித்துப் பற்றிக்கொள்ள உதவும் கொம்பு சேணத்தில் சேர்ந்தது. பெண் முன்னோக்கித் திரும்பி அமர்ந்தாள், கடிவாளம் அவள் கைக்கு வந்தது, பின்தாங்கி மறைந்தது. சாய்மானம் என்பது சுமந்து செல்லப்படுபவர்க்கு உரியது, செலுத்துபவர்க்கு அது வேண்டுவதில்லை என்னும் பாகுபாடு அக்காலத்திலேயே தோன்றிவிட்டது.

கோட்லீப் டைம்லர் 1885இல் செய்த மர வாகனமே பெட்ரோல் எஞ்சின் பூட்டிய முதல் மோட்டார் சைக்கிள் என்பர். அவ்வாண்டு நவம்பரில் அவருடைய மகன் அதை ஓட்டிச் சென்றபோது, இருக்கைக்குக் கீழே இருந்த சூடான குழாயினால் இருக்கை தீப்பற்றியதாகக் கூறப்படுகிறது. இருக்கையின் இதம் பற்றிய கவலை இவ்வூர்தியின் முதல் நாளிலேயே தொடங்கிவிட்டது எனலாம். 1894இல் ஹில்டபிராண்ட் - வோல்ஃப்முல்லர் நிறுவனத்தார் விற்பனைக்கெனப் பல வண்டிகள் செய்தனர். அவற்றிலும் ஓட்டுபவர்க்கு மட்டுமே இடம் இருந்தது. பிறகு பொருள்களை வைக்கும் கேரியரின் மேல் ஒரு மெத்தையைக் கட்டி ஆளை ஏற்றிச் செல்லும் பழக்கம் பரவியது. அதாவது மூட்டை இருந்த இடத்தில் மனிதர் அமர்ந்தார். நம் ஊரில் சைக்கிளில் ‘டபுள்ஸ்’ போனவர்கள் இந்நிலையை நன்கு அறிவர். கேரியரின் இரும்புக் கம்பிகள் தொடையில் பதித்த கோடுகள் வீடு வந்து சேர்ந்த பின்னும் சற்று நேரம் மறையா.

இரண்டாம் உலகப்போருக்குப் பின் வண்டிகளின் பின்சக்கரத்திற்கும் அதிர்வு தாங்கும் அமைப்புப் பரவலாயிற்று. 1948இல் இங்கிலாந்தில் அறிமுகமான ராயல் என்ஃபீல்டு புல்லட், பின்சக்கரம் மேலும் கீழும் அசைவதற்கான ஸ்விங் ஆர்ம் அமைப்பைக் கொண்டிருந்தது. அதுவரையில் பின்சக்கரம் குழியில் விழுந்தால் அவ்வடி நேரே பின்னிருப்பவரின் முதுகெலும்புக்குச் சென்றது. ஓட்டுபவர்க்கு ஸ்பிரிங் வைத்த இருக்கை இருந்தது. பின்னிருப்பவர்க்கு மட்கார்டின் மேல் பூட்டிய சிறு மெத்தை மட்டுமே. இருவர்க்கும் ஒரே நீள இருக்கை வந்தது இதன் பிறகுதான். அந்நீள இருக்கை பின்னிருப்பவரை மூட்டையின் நிலையிலிருந்து பயணியின் நிலைக்கு உயர்த்தியது. எனினும் சாய்மானம் வரவில்லை.

இந்தியாவில் இராணுவம் புல்லட்டைத் தேர்ந்தெடுத்ததைத் தொடர்ந்து, 1955இல் சென்னையில் மெட்ராஸ் மோட்டார்ஸுடன் இணைந்து என்ஃபீல்டு இந்தியா தொடங்கப்பட்டது. தொழிற்சாலை திருவொற்றியூரில் எழுந்தது. 1961இல் மைசூரில் ஜாவா வண்டிகள் உருவாகத் தொடங்கின. இவற்றுக்கு முன்பே, 1939ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் பின்னிருப்பவரைப் பற்றி ஒரு விதி செய்திருந்தது. ஓட்டுபவரைத் தவிர ஒருவரை மட்டுமே ஏற்றலாம். அவரும் ஓட்டுபவரின் பின்னால் உறுதியாகப் பொருத்தப்பட்ட முறையான இருக்கையில் அமர வேண்டும் என்பது அவ்விதி. 1988ஆம் ஆண்டின் புதிய சட்டத்திலும் 128ஆம் பிரிவாக அது தொடர்கிறது. இருக்கை வேண்டும் என்ற சட்டம், அது எத்தகையதாக இருக்க வேண்டும் என்பதை விரித்துரைக்கவில்லை.

சாய்மானம் நம் நாட்டுக்கு வந்த வழி விந்தையானது. 1950களில் பம்பாயில் லாம்ப்ரெட்டா ஸ்கூட்டர்கள் பூட்டப்பட்டன. வெஸ்பாவை உரிமம் பெற்றுச் செய்த பஜாஜ் நிறுவனம் 1972இல் சேதக்கை அறிமுகப்படுத்தியது. ஸ்கூட்டரின் சிறு சக்கரம் எளிதில் பஞ்சராகும்; ஆகவே மாற்றுச் சக்கரம் ஒன்றைச் சுமந்து செல்ல வேண்டியிருந்தது. நாம் ‘ஸ்டெப்னி’ என்கிறோமே, அச்சொல் வேல்ஸ் நாட்டின் லனெல்லி நகரத்தில் ஸ்டெப்னி என்ற தெருவில் 1904இல் மாற்றுச் சக்கரம் செய்யத் தொடங்கிய நிறுவனத்தின் பெயரிலிருந்து வந்தது. அச்சொல் பிறந்த நாட்டில் மங்கிப்போக, இந்தியாவில் நிலைத்துவிட்டது. பின்னிருக்கைக்கு அப்பால் செங்குத்தாக நின்ற அந்தச் சக்கரத்தின் மேல் உறை போட்டு, உறையின் முன்பக்கத்தில் ஒரு மெத்தையைத் தைத்துப் பொருத்தினர். பழுதுக்கு என வைத்த சக்கரம் பின்னிருந்தவரின் முதுகுக்குத் துணையாயிற்று. நடுத்தரக் குடும்பத்துப் பெண்கள் பலர் இரு சக்கர வாகனத்தில் முதன்முதலாகச் சாய்ந்துகொண்டது ஒரு ஸ்டெப்னியின் மீதுதான். பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்து பெற்ற ஸ்கூட்டர் அது. வீட்டில் மெத்தை நாற்காலி இல்லாதபோதும் ஸ்டெப்னிக்கு மெத்தை தைத்தனர்.

1980இல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வெளிவந்தது. இருவர் அமரத்தக்க முதல் இந்திய மொபெட் என்று அது பெயர் பெற்றது. அதன் குழுமத்தைத் தோற்றுவித்த டி.வி. சுந்தரம் ஐயங்கார் நெல்லைச் சீமையின் திருக்குறுங்குடியைச் சேர்ந்தவர் என்பது இப்பகுதியார் பெருமையோடு நினைவுகூரும் செய்தி. இருவர்க்கென்று செய்யப்பட்ட அவ்வண்டியில் பால் கேனும் வாழைத்தாரும் உர மூட்டையும் ஏறின. அவற்றோடு மனிதரும் ஏறினர். பின்னிருக்கை மீண்டும் பாதி கேரியராக மாறியது. 1985இல் வந்த ஹீரோ ஹோண்டா சி.டி. 100 போன்ற 100 சி.சி. வண்டிகள் எரிபொருளை மிச்சப்படுத்தியமையால் ஊரெங்கும் பரவின. ஸ்கூட்டர்கள் ஒதுங்கின, அவற்றோடு ஸ்டெப்னியும் அதன் மெத்தையும் ஒதுங்கின. புதிய வண்டியில் பின்னால் ஒரு கம்பி மட்டும் இருந்தது. பெருந்தொகையோர்க்குச் சாய்மானம் ஒரு தலைமுறைக்குள் வந்து, அதே தலைமுறைக்குள் போயும்விட்டது.

இக்காலத்தே அரசின் விதி ஒன்று பின்னிருப்பவரைக் கருதியது. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆம் விதி, பின்னிருக்கை உள்ள வண்டிகளில் நிலையான கைப்பிடியும், கால் வைக்கும் இடமும், பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாத பகுதியை மறைக்கும் காப்பும் இருக்க வேண்டும் என்கிறது. உடை சக்கரத்தில் சிக்கக் கூடாது என்பதே அக்காப்பின் நோக்கம். ‘சாரி கார்டு’ என்று மெக்கானிக்குகளும் வாங்குவோரும் வழங்கும் அக்கம்பி வலை, சேலை கட்டி ஒருபக்கமாக அமரும் பெண் இருக்கிறாள் என்பதைச் சட்டம் ஒப்புக்கொண்டதன் அடையாளம். அவள் சேலை காக்கப்பட்டது. கைக்குப் பிடி கொடுக்கப்பட்டது. முதுகு விதியில் இடம்பெறவில்லை.

அமெரிக்காவில் கதை வேறு வகையாக நடந்தது. 1960களில் அங்கே இளைஞர் தம் வண்டிகளைத் தாமே வெட்டியும் ஒட்டியும் மாற்றியமைத்தபோது பின்னிருக்கையின் பின்னால் உயரமான வளைந்த கம்பி ஒன்றை நிறுத்தினர். அதற்கு அவர்கள் இட்ட பெயர் ‘சிஸ்ஸி பார்’. கோழைக்கான கம்பி என்பது பொருள். விழாமல் சாய்ந்துகொள்ள விரும்புவது கோழைத்தனம் என்ற கேலி அப்பெயரில் உண்டு. 1969இல் வந்த ஈஸி ரைடர் திரைப்படத்தில் கொடி வண்ணம் தீட்டிய வண்டியில் அக்கம்பி நெடிதாக நிற்பதைக் காணலாம். கேலிப் பெயர் நாளடைவில் சாதாரணப் பெயராயிற்று. 1975இல் அறிமுகமான ஹோண்டா கோல்ட் விங் 1980களில் நெடும்பயண வண்டியாக வளர்ந்தபோது பின்னிருப்பவர்க்கு ஏறத்தாழ ஒரு சோபாவே அமைந்தது. அங்கே கணவனும் மனைவியும் பல நூறு மைல் செல்வர். பின்னிருப்பவர் ‘இனி வேண்டாம்’ என்று சொன்னால் வண்டி விற்காது. விற்பனையாளர் பின்னிருப்பவரின் சொல்லுக்குச் செவிகொடுத்ததன் பயனே அந்தச் சோபா. நம் ஊரில் அவரிடம் கேட்கும் வழக்கம் ஏற்படவேயில்லை.

அணைக்குள் அடைக்கும் பொருளின் வரலாறும் இங்குக் கூறத்தக்கது. இலவம்பஞ்சு நீரை எளிதில் ஏற்காது. ஒருகாலத்தில் கடலில் மிதக்கும் உயிர்காப்பு உடைகளில் அதை அடைத்தனர். ஆயினும் ஓரிடத்தில் தொடர்ந்து அழுத்தினால் அது ஒதுங்கிக் கட்டியாகும். அதிரும் வண்டிக்கு ஒத்துவராது. தென்னை நார் உறுதியானது, ஆனால் கடினமானது. 1929இல் டன்லப் ஆய்வகத்தில் ரப்பர்ப் பாலை முட்டை அடிப்பதுபோல் நுரைக்க அடித்து மெத்தை செய்யும் முறை கண்டறியப்பட்டது. 1937இல் ஜெர்மனியின் லெவர்குசனில் ஓட்டோ பேயர் பாலியுரித்தேனைக் கண்டறிந்தார். 1950களில் அதிலிருந்து மெல்லிய நுரை வணிகமாயிற்று. இன்று நாம் ‘ஃபோம்’ என்று பொதுப்பெயரால் வழங்குவது பெரும்பாலும் இதுவே. 1966இல் விமான இருக்கைகளுக்காக அமெரிக்க விண்வெளி நிறுவனத்தின் ஆய்வில், அழுத்தினால் மெல்ல அமிழ்ந்து மெல்ல எழும் மற்றொரு நுரை பிறந்தது. பழைய ஐவகை அணையோடு இவற்றையும் எண்ணினால் பட்டியல் நீளும். ஆனால் எது நல்ல அணை என்ற கேள்வி அப்படியே இருக்கிறது.

அதற்கு விடை தேடியவருள் ஸ்வீடன் நாட்டு மருத்துவர் பெங்ட் ஓகெர்ப்ளோம் முதன்மையானவர். நிற்றல், இருத்தல் ஆகிய நிலைகளைப் பற்றி அவர் 1948இல் வெளியிட்ட ஆய்வு, முதுகுத்தாங்கி தோள்பட்டையைத் தாங்குவதைக் காட்டிலும் இடுப்பின் பின்வளைவைத் தாங்குவதே இன்றியமையாதது என்பதை நிறுவியது. 1970களில் முதுகெலும்பின் வட்டுகளில் உண்டாகும் அழுத்தத்தை நேரடியாக அளந்த ஸ்வீடன் ஆய்வாளர்களும், சாய்மானமின்றி அமர்வதைவிடச் சற்றுச் சாய்ந்து, இடுப்புக்குத் தாங்கலும் இருக்கும் நிலையில் அவ்வழுத்தம் குறைவதைக் கண்டனர். அதிர்வைப் பற்றி 1974இல் பன்னாட்டுத் தரநிலை ஒன்று வெளிவந்தது. அமர்ந்திருக்கும் மனித உடல் மேலும் கீழுமான அசைவில் நொடிக்கு 4 முதல் 8 வரையிலான அதிர்வுகளையே மிகுதியாக உணர்கிறது என்பது அதன் அடிப்படைகளுள் ஒன்று. தடித்த மெல்லிய நுரை ஏறத்தாழ அவ்வெல்லையின் தொடக்கத்திலேயே தானும் சேர்ந்து ஆடத் தொடங்கும். ஆகவே கடையில் விரலால் அழுத்திப் பார்த்து ‘மெத்தென்று இருக்கிறது’ என்று வாங்கும் அணை, செங்கோட்டைச் சாலையின் மேடுபள்ளத்தில் அதிர்வைக் குறைப்பதற்கு மாறாகக் கூட்டவும் கூடும். உரையாசிரியர்கள் மென்மையை ஐந்தில் ஒன்றாக மட்டும் வைத்தது இங்கே நினைக்கத்தக்கது.

இவ்வறிவெல்லாம் நூல்களிலிருந்து வராமலே குஷன் கடைகளில் கைப்பழக்கமாக வாழ்கிறது. தென்காசி, கடையநல்லூர், செங்கோட்டை முதலிய ஊர்களில் இருக்கை தைக்கும் கடைகள் உண்டு. தையல் எந்திரம், ஃபோம் வெட்டும் நீண்ட கத்தி, ரெக்சின் சுருள்கள், பசை டப்பா, ஸ்டேப்ளர் ஆகியவற்றோடு நடக்கும் தொழில் இது. கேரியரில் பூட்டும் ஆயத்தச் சாய்வணைகளை வாங்கியோர் அவற்றைத் திருத்தித் தரும்படி இங்குக் கொண்டுவருவர். குறைகள் பெரும்பாலும் ஒரே வகையின. கேரியர் இருக்கையின் முடிவுக்கு அப்பால் நீள்வதால் அணை முதுகிலிருந்து ஒரு சாண் தள்ளி நிற்கும். சாய்பவர் பின்னோக்கி வளைய வேண்டிவரும். அணையின் கீழ்விளிம்பு இடுப்பெலும்பின் மேல் குத்தும். ஒரே அடுக்கு ஃபோம் சில மாதங்களில் அமிழ்ந்து உள்ளிருக்கும் தகடு முதுகில் தட்டும்.

திருத்தும் முறையும் பட்டறிவில் விளைந்ததே. முதலில் பிடிப்புத் தகட்டை முன்னோக்கி நகர்த்தி இடைவெளியைக் குறைக்க வேண்டும். அது பாதுகாப்புக்கும் நன்று. பின்சக்கரத்தின் அச்சுக்குப் பின்னால் பாரம் விழுந்தால் முன்சக்கரம் இலேசாகிவிடும். பிறகு தகட்டின்மேல் கெட்டியான ஃபோம் ஓர் அடுக்கும், அதன்மேல் மெல்லிய ஃபோம் ஓர் அடுக்கும் ஒட்ட வேண்டும். கெட்டியானது பாரத்தைத் தாங்கும். மெல்லியது உடலின் வளைவுக்கு இடங்கொடுக்கும். கெட்டி அடுக்குக்குத் துண்டு ஃபோம்களை அழுத்திச் செய்த பலகை பொருந்தும். கீழ்ப்பகுதியைச் சற்று உள்வாங்கிச் செதுக்கி, இடுப்பு வளைவுக்கு நேராகச் சற்றுப் புடைக்கச் செய்ய வேண்டும். நேர்செங்குத்தாக நிறுத்தாமல் சிறிதளவு பின்சாய்க்க வேண்டும். மிகுதியாகச் சாய்த்தால் பின்னிருப்பவரின் பாரம் முழுவதும் கேரியரின் இரண்டு போல்ட்டுகளில் வந்து நிற்கும்.

குற்றாலத்தை ஒட்டிய ஊர்களில் இன்னொன்றும் கருத வேண்டும். தையல் ஊசியின் ஒவ்வொரு துளையும் நீர் புகும் வாயில். சாரலில் நனைந்த ஃபோம் நாட்கணக்கில் உலராது, அமர்ந்தவுடன் நீரைக் கக்கும், நாளடைவில் நாறும். ஆகவே ஃபோமுக்கும் ரெக்சினுக்கும் இடையே பாலித்தீன் தாளைச் சுற்றுவர்; தையலை மேல்விளிம்பில் வராதபடி பக்கங்களில் அமைப்பர். பழைய ஐந்து இயல்புகளுள் நறுமணத்தை எதிர்பார்க்க இயலாவிடினும் துர்நாற்றத்தைத் தவிர்க்க இவ்வளவு வேலை வேண்டியிருக்கிறது.

இத்தனை திருத்தத்திற்குப் பின்னும் ஒரு சிக்கல் எஞ்சுகிறது. சாய்வணை இருபுறமும் காலிட்டு அமர்பவர்க்காக உருவானது. சேலை கட்டியவர் இடப்புறம் நோக்கி அமரும்போது அணை அவருக்கு முதுகுப்புறம் இல்லை; இடப்பக்கத்தில் இருக்கிறது. இடுப்பின் பக்கத்துக்கும் முழங்கைக்கும் அது அணையாகலாம். பின்னோக்கிச் சரிவதைத் தடுக்காது. அவருடைய முதுகு வலப்புறச் சாலையைப் பார்த்துத் திறந்தே இருக்கிறது. சில வேளைகளில் உயர்ந்த அணை அவர் பற்றியிருந்த பின்கம்பியையும் மறைத்துவிடுகிறது. சுடிதார் பரவிய பின் இளம்பெண்கள் இருபுறமும் காலிட்டு அமர்கின்றனர். அவர்களுக்கு அணை பயன்படும். அவர்தம் தாய்மார்க்கும் பாட்டிமார்க்கும் பயன்படுவது அரிது. மூட்டுவலியால் காலை அகற்றி ஏற இயலாதவர்களே சாய்மானம் மிகுதியாக வேண்டுபவர்கள். அவர்களுக்குத்தான் அது கிடைப்பதில்லை. குறைந்தது, கைப்பிடியை மறைக்காத அகலமான தாழ்ந்த அணையும், இரு பாதங்களும் ஊன்றத்தக்க அகன்ற காற்பலகையும் இடப்புறத்தில் அமைந்தால் அவர்களுடைய நிலை தேறும். இடைக்காலச் சேணத்துக் காற்பலகை நம் நினைவுக்கு வருகிறது.

இது வெறும் சொகுசைப் பற்றிய பேச்சு அன்று. 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலை விபத்துகளில் இறந்தோர் 1,68,491 பேர், அவருள் 44.5 விழுக்காட்டினர் இரு சக்கர வாகனங்களில் சென்றோர். வேகத்தடையில் துள்ளியும், திடீரென வேகம் கூட்டும்போது பின்சரிந்தும் விழுவது பின்னிருப்போர்க்கே உரிய இடர். நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளைப் பின்னால் ஏற்றும்போது ஓட்டுபவரோடு இணைக்கும் பாதுகாப்பு வாரும் தலைக்கவசமும் வேண்டும், வேகம் மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என 2022இல் விதி வெளியிடப்பட்டது. 1939இல் ‘முறையான இருக்கை’ என்ற அளவில் நின்ற சட்டம், 80 ஆண்டுகளுக்கு மேல் கழித்துப் பின்னிருக்கும் உடலின் அளவையும் வயதையும் கருதத் தொடங்கியிருக்கிறது. அடுத்துக் கருத வேண்டியவர் முதியவர்.

முதியவரைக் கருதுவதற்குக் காலமும் கனிந்திருக்கிறது. கியர் இல்லாத ஸ்கூட்டர்கள் 1980களின் நடுவிலிருந்து வந்து பெண்களின் கையில் கைப்பிடியைக் கொடுத்தன. 2018இல் தமிழக அரசு பணிபுரியும் பெண்களுக்கு ஸ்கூட்டர் விலையில் பாதி, அல்லது 25,000 ரூபாய் வரை மானியம் வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. குதிரைச் சேணத்தில் 16ஆம் நூற்றாண்டில் நிகழ்ந்த மாற்றம் நம் தெருக்களில் நம் கண்முன்னே நிகழ்ந்தது. அன்று கணவனுக்குப் பின்னால் ஸ்டெப்னியில் சாய்ந்து சென்றவளின் மகள் இன்று முன்னிருக்கையில் இருக்கிறாள். பின்னால் அமர்ந்திருப்பவள் அத்தாய். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமான பின், முன்பு திருநெல்வேலிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் சென்று முடித்த அலுவல்கள் பல இங்கேயே முடிகின்றன. ஓய்வூதியச் சான்றுக்கும் கண் மருத்துவத்துக்கும் முதியோர் இவ்வாறு பின்னிருக்கையில் வருகின்றனர்.

தாயை அழைத்துச் செல்லும் மகள், கடையில் வண்டியை நிறுத்தி, ‘அம்மாவ உக்கார வச்சு அளவு பாருங்கண்ணே’ என்று கேட்பதில் இவ்வரலாற்றின் ஒரு திருப்பம் இருக்கிறது என்று நாம் கருதுகிறோம். இதுகாறும் வண்டியை அளந்து அணை செய்தனர். இப்போது அமர்பவரை அளந்து செய்யும்படி கேட்கின்றனர். தையற்காரர் டேப்பை எடுத்து இருக்கையிலிருந்து இடுப்பு வளைவு வரையிலான உயரத்தை அளந்து சுண்ணாம்புக் கட்டியால் குறித்துக்கொள்கிறார். அரை மணி நேர வேலையும் சில நூறு ரூபாய்க் கூலியுமே வேண்டும் இச்சிறு காரியத்தை வண்டி செய்யும் நிறுவனங்களும், விதி செய்யும் துறையினரும் தம் அளவில் மேற்கொண்டால், சாரற்காலத்தில் குற்றாலம் செல்லும் அந்த 5 கிலோமீட்டரில் பின்னிருப்போரின் கைகள் சற்று ஓய்வு பெறும்.